நல்ல பேரோடு ஒரு பழைய போன்

சென்னியப்பனின் போனுக்கு ஆயிரத்துக்கு நூற்று எண்பத்தெட்டுப் புள்ளி. கோயம்புத்தூரில் அதைவிடக் குறைவாக வைத்திருந்தவர்களும் சிலர் உண்டு. அவர்களில் பாதிப்பேர் ஜெயிலில் இருந்தார்கள், மீதிப்பேர் வெளியே மிக நன்றாக இருந்தார்கள். சென்னியப்பன் இரண்டிலும் சேராதவர். கணபதியில் பம்ப்செட் மோட்டார் பட்டறை, ஐம்பத்தெட்டு வயது, எந்நேரமும் கறையில்லாத வெள்ளைச் சட்டை. கறையெல்லாம் வாயில்தான் இருந்தது. அதைத்தான் போன் எண்ணிக்கொண்டு வந்தது.

இந்தப் புள்ளி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். நம் ஆட்களின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. முதலில் மனிதர்களுக்குத்தான் புள்ளி போடப் பார்த்தார்கள். யாரோ வழக்குப் போட்டார். ஒரு குடிமகனின் யோக்கியதைக்கு மார்க் போடும் உரிமை எந்த அரசாங்கத்துக்கும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஊரெல்லாம் பட்டாசு வெடித்தார்கள். பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடிப்பதற்குள் ஒரு அதிகாரிக்கு யோசனை தோன்றிவிட்டது. குடிமகனுக்குத்தானே போடக்கூடாது, அவன் கையில் இருக்கும் கருவிக்குப் போட்டால் யார் கேட்பது? யாரும் கேட்கவில்லை. வெடிக்கப் பட்டாசும் மிச்சமில்லை.

வருகிறேன் என்று சொன்னவன் வந்தானா, செய்கிறேன் என்றவன் செய்தானா, எங்கே நின்றுகொண்டு எங்கே நிற்பதாகச் சொல்கிறான் என்பதையெல்லாம் போன் கூட்டிக் கழித்துத் தனக்குத்தானே மார்க் போட்டுக்கொண்டது. சனங்கள் அதற்குப் 'பேர்' என்று பெயர் வைத்தார்கள். சிம்மை மாற்றினாலும் பேர் மாறாது, அது போனோடு ஒட்டியது. அறுநூறுக்குக் கீழே பேர் உள்ள போனிலிருந்து கூப்பிட்டால் எதிராளிக்கு மணியே அடிக்காது. நல்ல அடுக்குமாடிகளில் கேட் திறக்காது. புதுப் போன் வாங்கினால் முந்நூறில் ஆரம்பித்து, ஆறேழு வருடம் ஒழுங்காக இருந்து மேலே ஏற வேண்டும். ஆறேழு வருடம் ஒழுங்காக இருப்பதெல்லாம் சென்னியப்பனால் ஆகிற காரியமா?

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெங்களூரில் இருக்கும் மகள் தர்ஷினிக்கு மணி அடிக்க வேண்டும்.

மூன்று வருடமாகப் பேச்சில்லை. மனைவி கமலவேணி ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்த அன்று, பக்கத்தில் இருந்த மகள் ஏழு தடவை கூப்பிட்டாள். ஏழு தடவையும் இவர் 'கிளம்பிட்டேன்', 'வந்துட்டே இருக்கேன்', 'சிக்னல்ல நிக்கறேன்' என்று வகைவகையாகப் பதில் சொன்னார். சொன்ன இடம் பட்டறை நாற்காலி. எதிரே ஹூப்ளியிலிருந்து வந்த டீலர், நடுவில் காபி. போன் தன் பாட்டுக்கு ஏழு பொய்க்கும் புள்ளியைக் குறைத்தது. கமலவேணி எட்டாவது தடவைக்குக் காத்திருக்கவில்லை.

இப்போது தர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். எழுதிய கடிதம் வாங்க மறுத்துத் திரும்பி வந்தது. காரை எடுத்துக்கொண்டு நேரில் போனார். கேட்காரன் இவர் போனைப் பேர் பார்க்கும் பெட்டியில் காட்டிவிட்டு, "சார், உங்களை வேண்டாங்குது" என்றான். பார்சல் கொண்டுவந்த பையன்கள் எழுநூறு எழுநூற்றைம்பது பேரோடு சரசரவென்று உள்ளே போனார்கள். இவர் மத்தியானம் வரை காருக்குள் உட்கார்ந்து அவர்களைக் கேவலமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பட்டறையில் ஒருவன் போனை வாங்கிக் கூப்பிட்டுப் பார்த்தார். போன் கையை அடையாளம் கண்டு, மணியை நிறுத்தி, கொடுத்த பாவத்துக்கு அவனுக்குப் பத்துப் புள்ளி குறைத்தது. அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தரும் அவர் கையில் போன் கொடுப்பதில்லை.

கடைசியில் எல்லாரும் போகிற இடத்துக்கு அவரும் போனார். பேர் கருவியில் இருக்கிறது என்றால், கருவியை விற்கலாம், வாங்கலாம். டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் நாற்பது கடைகள் அதை நம்பித்தான் நடந்தன. வாசலில் 'பழைய மொபைல்' என்று போட்டிருக்கும். உள்ளே விற்பது அடுத்தவன் மானம் மரியாதை.

வாங்கித் தரும் தரகர்கள் பலர் இருந்தார்கள். சோதித்துச் சொல்ல ஜமீலா ஒருத்திதான். நாற்பத்தைந்து வயது, கண்ணில் பூதக்கண்ணாடி, முகத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரே அருவருப்பு. விற்க வருகிறவனும் அவளுக்குக் கேவலம், வாங்க வருகிறவன் அதைவிடக் கேவலம். அவள் மேசைக்கு எதிரே ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பேர் சகாயராஜ், பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். மேசைமேல் அவனுடைய போன். எண்ணூற்று எண்பத்து நான்கு.

"எடுத்தவொடனே புள்ளியைப் பாக்காதீங்ணா. உங்களாட்டம் ஆளுகதான் மோசம் போறது" என்றாள் ஜமீலா.

போனை வெளிச்சத்தில் சாய்த்துக் கண்ணாடி மாற்றியதா என்று ஓரம் பார்த்தாள். சிம் போடும் இடத்தில் தண்ணீர் இறங்கிய சிவப்பு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தாள். சார்ஜர் முனையை ஆட்டினாள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் வைத்துச் சுழற்றினாள். பதினைந்து இலக்க நம்பரை எடுத்து, பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்பார்த்து, திருட்டுப் பட்டியலில் தேடினாள். பழைய கணக்கிலிருந்து வெளியே வந்தாயா என்று சகாயராஜைக் கேட்டு, அவன் தலையாட்டியதை நம்பாமல் தானே திறந்து பார்த்தாள்.

"இதெல்லாம் எந்தக் கழுதையும் பாக்கும். இனிமேத்தான் இருக்குது வேலை" என்றாள். "பேரு எப்படி ஏறியிருக்குதுன்னு பாக்கோணும். குபீர்னு ஏறியிருந்தா அது ஏற்கெனவே ஒருத்தன்கிட்ட இருந்து வாங்குனது. அதைத் தொடவே கூடாது. இவருது பாருங், பதினொரு வருசமா எறும்பாட்டம் ஏறியிருக்குது."

"ஆளு நல்லவனாட்ட இருக்குது" என்றார் சென்னியப்பன்.

"நல்லவரா கெட்டவரான்னு போனுக்கு எப்படித் தெரியும்? சொன்ன நேரத்துக்குப் போனாரு, வந்தாரு. டிப்போவுல டைம் பாக்கற உத்தியோகம், பின்ன என்ன பண்ணுவாரு." அவள் கூப்பிட்ட பட்டியலை மேலே தள்ளினாள். "தெனமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு அம்மாவுக்கு ஒரு போன். நாலு நிமிசம். திண்டுக்கல் பக்கமுங்களா?"

"ஆமாங்க. சவரியம்மாள்னு பேரு" என்றான் சகாயராஜ்.

"பாதிப் பேரு அந்த அம்மாவாலதான் வந்திருக்குது. உடம்பு எப்படி, நல்லா இருக்குதா? இன்னும் ரெண்டு மாசத்துக்குத் தாங்குமா?"

சகாயராஜ் மேசைமேல் இருந்த தன் போனைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்காங்க" என்றான்.

"எந்திரிச்சு நடந்து காட்டுங்."

அவன் எழுந்து கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். சென்னியப்பன் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்பதுபோலத்தான்.

"அந்தக் கால் உங்களுக்கு வரோணும்" என்றாள் ஜமீலா. "மாலை போடறதைப் பத்தித் தெரியுமுங்களா?"

அந்தச் சந்தில் அதற்கு அப்படித்தான் பெயர். போன் தன்னைத் தூக்குகிற கையையும் நடையையும் பழக்கத்தையும் அறியும். திடீரென்று கை மாறினால் பேர் பூச்சியத்துக்கு விழும். கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் ஆள்தான் மாறிக்கொண்டிருக்கிறான் என்று ஏற்றுக்கொள்ளும். அதற்கு நாற்பத்தெட்டு நாள் ஆகும் என்று எவனோ கண்டுபிடித்திருந்தான். அந்த ஒரு மண்டலமும் விற்றவன் மாதிரியே எழுந்து, தின்று, நடந்து, அவன் கூப்பிட்டவர்களை அவன் நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். நம்பரும் அவனுடையதே இருக்கும். நாற்பத்தெட்டாம் நாள் மாலையைக் கழற்றிவிட்டுத் தன் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம். சாமிக்கு விரதம் இருந்த ஊர் இப்போது போனுக்கு விரதம் இருந்தது. சுத்தபத்தம் குறையவில்லை.

"குரலுக்கு நான் பூச்சு அடிச்சுத் தர்றேன்" என்றாள் அவள். "நீங்க பேசுனா அந்தம்மாவுக்கு இவரு குரல்லதான் கேக்கும். காலைல நாலே முக்காலுக்கு எந்திரிக்கோணும். ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போய் ஒரு மணி நேரம் உக்காரோணும். முக்கியமா, பொய் சொல்லக்கூடாது. ஒரே ஒரு பொய்யின்னாலும் முதல்ல இருந்து."

"பெத்தவன் மாதிரி, இல்ல, பெத்த மவன் மாதிரி நான் பேசறது பொய்யில்லீங்களா?"

"அதைப் போனு பொய்யா எடுத்துக்கறதில்லைங்ணா. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டியா, கேட்டியா, வெச்சியா, அதுக்கு அவ்வளவுதான் தெரியும். பாசமெல்லாம் அது பாக்கறதில்லை."

சென்னியப்பனுக்கு அது நியாயமாகவே பட்டது.

சகாயராஜைப் பார்த்து அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஜமீலா கையைக் காட்டி நிறுத்தினாள். "எதுக்கு விக்கறாருன்னு மட்டும் கேக்காதீங். இந்தச் சந்துல அது வழக்கமில்லை. தெரிஞ்சா மனசுல தங்கும், அந்தம்மாகிட்ட பேசறப்போ வாயில வந்துரும்."

அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குச் சிரமமான காரியமும் இல்லை. போகும்போது மட்டும், "உங்க போனுக்கு எவ்வளவு பேரும்மா?" என்று ஜமீலாவிடம் விசாரித்தார்.

"நான் போனே வெச்சுக்கறதில்லைங்ணா" என்றாள் அவள்.

மறுநாள் முதல் கணபதி பட்டறை கண்ட கூத்து கொஞ்சநஞ்சமல்ல. முதலாளி இடது காலை இழுத்து இழுத்து வந்தார். திட்ட வாயைத் திறந்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார். சம்பளம் ஏற்றச் சொல்லி வந்தவனிடம் 'அடுத்த மாசம் பாக்கலாம்' என்று வழக்கம்போல் சொல்லவந்து, அது பொய் என்று ஞாபகம் வர, "ஏத்த மாட்டேன், போ" என்று உண்மையைச் சொன்னார். இப்படி ஒரு வாரம் போனதில் பட்டறைக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மனிதர்களின் மரியாதை எவ்வளவு சல்லிசாகக் கிடைக்கிறது என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் எழுந்த பிறகு எழுந்தார்.

சாயங்காலம் ஆறு பத்துக்குத் திண்டுக்கல்லுக்கு.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்யா."

"மாத்திரை?"

"போட்டேன்."

பிறகு நாலு நிமிடத்தை இட்டு நிரப்ப வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் அவர் மழை, வெயில், பஸ் என்று உளறினார். அப்புறம் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே கிழவி பேசுகிறாள் என்று கண்டுகொண்டார். பக்கத்து வீட்டுக்காரி, முழங்கால், கோழி, சாமியாரின் புதுக் கார் என்று நேரம் ஓடிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவார். ஒரு நாளில் மிகவும் அசட்டுத்தனமான நாலு நிமிடம் அது என்று அவருக்கு எண்ணம்.

இருபதாம் நாள் சவரியம்மாள் கோழியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏய்யா, ஒம் பேரு என்ன?"

சென்னியப்பன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். சகாயராஜ் என்று சொன்னால் பொய். சொல்லாவிட்டால் எல்லாம் போச்சு.

"பயப்படாத. எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்" என்றாள் அவள். "எம் மவன் சாப்ட்டியான்னு கேப்பான், பதிலுக்கு நிக்க மாட்டான். கேட்டுக்கிட்டே வேற வேலை பாப்பான். நீ நிக்கிற. நானும் பதினோரு வருசத்துல மொத தடவையா கோழி கதையை முழுசாச் சொல்லி முடிச்சேன்."

"தெரிஞ்சுமா பேசிட்டு இருந்தீங்க?"

"பின்ன? பெத்த புள்ள தெனம் கூப்புடுற அம்மான்னு எம் போனுக்கும் பேர் ஏறுதுல்ல. ஆசுபத்திரில மொத சீட்டு எனக்குத்தான் குடுக்கான். நீ பாட்டுக்கு நிறுத்திப்புடாத." பிறகு, "வித்தானாக்கும்" என்றாள். "எதுக்காம்?"

"தெரியாதுங்க."

"கேக்கலையா?"

"இல்லீங்க."

"நல்ல ஆளுக" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்று மூன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது. சென்னியப்பனுக்கு அதுதான் உறுத்தியது.

முப்பத்தொன்றாம் நாள் மத்தியானம் சகாயராஜ் பட்டறை வாசலில் வந்து நின்றான். சென்னியப்பன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "அங்கயே நில்லு. கிட்ட வராதே. அது உன்னைக் கண்டுக்கும்" என்றார்.

அவன் அங்கேயே நின்றான். கையில் ஒரு புதுப் போன், முந்நூறு. "அம்மாவுக்கு அடிக்க மாட்டேங்குதுங்க. ஒரு நிமிசம் உங்கள்ல இருந்து பேசிட்டுத் தந்துடறேன்" என்றான்.

"உன் கை பட்டா எனக்கு மறுபடி முதல்நாளு. முப்பத்தொரு நாள் காலை இழுத்திருக்கறேன். பஸ் டிப்போவுலதானே இருக்கற, ஒரு பஸ் ஏறித் திண்டுக்கல் போகவேண்டியதுதானே."

"போனேங்க. தெரு முனை வரைக்கும். அம்மா உங்களோட பேசிட்டு இருந்துச்சு. ஆறு பத்துக்கு. சிரிச்சிட்டு இருந்துச்சு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாந்தான் பேசறேன்னு நெனச்சிட்டு இருக்கறப்போ எப்படிங்க போய் எதுக்க நிக்கறது. திரும்பி வந்துட்டேன். அம்மாவுக்கு ஆள் மாறினது தெரியாதுல்லங்க?"

வேறு எந்த வருடமாக இருந்தாலும் சென்னியப்பன் தெரியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார். அவருக்கு அது ஒரு வாய் காபி குடிக்கிற மாதிரி. ஆனால் பைக்குள் போன் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டாம் நாளே தெரிஞ்சிருச்சு" என்றார்.

சகாயராஜ் நிமிர்ந்தான். "ஒண்ணும் சொல்லலீங்களா?"

"நிறுத்திராதேன்னு சொல்லுச்சு."

அவன் திரும்பினான். இடது காலை இழுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போனான். பட்டறையில் இரண்டு பேர், முதலாளி நடையை இவன் எங்கே கற்றான் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள். சென்னியப்பன் போனை எடுத்துப் பார்த்தார். உண்மை சொன்னதற்கு மூன்று புள்ளி ஏறியிருந்தது. இப்படிப்பட்ட உண்மைக்கும் ஒரு கருவி மார்க் போடுகிறது, அதை வைத்து ஒரு நாடு கேட்டைத் திறக்கிறது என்றால் அந்த நாட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. சென்னியப்பன் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அவருக்கு மூன்று புள்ளி சந்தோஷமாக இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் ஆறு பத்துக்குத் திண்டுக்கல்லுக்குக் கடைசியாகப் பேசினார். சவரியம்மாள் அழவெல்லாம் இல்லை. "முடிஞ்சதாக்கும்? நாளையில இருந்து யாரு கேப்பா கோழியை" என்றாள். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது, புள்ளி ஞாபகம் வந்து விழுங்கிவிட்டார்.

சகாயராஜின் சிம்மைக் கழற்றித் தன் சிம்மைப் போட்டார். எண்ணூற்றுத் தொண்ணூற்று இரண்டு. ஜமீலா சொன்ன சடங்கெல்லாம் முடிந்து, போன் அவரைத் தன் ஆள் என்று ஏற்றுக்கொண்டது. பட்டறையில் எல்லாரும் போயிருந்தார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல நேராக உட்கார்ந்து, மகளின் நம்பரை அழுத்தினார்.

மணி அடித்தது. மூன்று வருடமாக அவர் கேட்காத சத்தம். நாலாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்ப்பா."

தர்ஷினியேதான். அந்தக் குரலில் கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல இருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. சென்னியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதருக்கும் கண்ணில் தண்ணீர் வரும் என்று பட்டறையில் யார் பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"வெச்சராதே கண்ணு. ஒரு நிமிசம்" என்றார்.

"வெக்கலைப்பா. சாப்ட்டீங்களா?"

"சாப்பாடு கெடக்குது. குழந்தை எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்கறாப்பா."

"நான் ஒண்ணு சொல்லோணும். சொல்லாம வேற எதுவும் பேச முடியாது." அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தெட்டு நாளாக வாய் உண்மைக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தின் வேகத்தில் வந்துவிட்டது. "அன்னைக்கு நான் சிக்னல்ல நிக்கலை. கெளம்பவே இல்லை. ஏழு தடவையும் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன், அதுகூட இல்லை, நெனைக்கவே இல்லை. டீலரு எந்திரிச்சுப் போயிருவானோன்னுதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி பன்னெண்டு நிமிச வழி. கார் வாசல்லயே நின்னுச்சு. நாந்தான் தப்பு. எந்தச் சாக்கும் இல்லை."

அவர் காத்திருந்தார். காத்திருக்கவும் இப்போது தெரிந்திருந்தது.

"எந்த ஆஸ்பத்திரிங்ப்பா?" என்றாள் தர்ஷினி.

சென்னியப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மகள் பெயர்தான் இருந்தது. திரும்பக் காதில் வைத்தார்.

"யாரு நீங்க?" என்றார்.

அதே தொண்டை கட்டின குரலில், "மன்னிச்சுக்குங்க சார்" என்று பதில் வந்தது. "எனக்கு ஓசூருங்க. இதை வாங்கி முப்பத்தாறு நாள் ஆச்சு. இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது. தயவு பண்ணி வெச்சுடாதீங்க. சட்டுனு வெச்சா பேர் குறையும், எனக்கு யாரும் வாடகைக்கு வீடு தர மாட்டேங்கறாங்க."

சென்னியப்பன் வைக்கவில்லை.

"லிஸ்ட்ல அப்பான்னு ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட என்ன பேசறதுன்னு அவங்களைக் கேட்டேங்க. ஒண்ணும் பேச வேண்டி வராது, அந்தாளு போனு இந்த ஜென்மத்துல அறுநூறு தொடாதுன்னு சொன்னாங்க. சோதிச்சுக் குடுத்தவரும் அதையே சொன்னாரு. தொந்தரவு பண்ணாத அப்பா, போனுக்கு அது ஒரு பிளஸ்ஸுன்னு."

"எதுக்கு வித்தா?"

"கேக்கக் கூடாதுன்னாங்க. கேக்கலைங்க."

"இப்ப எங்க இருக்கறா?"

"தெரியாதுங்க. வித்துட்டுப் போயிட்டாங்க."

வெளியே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சென்னியப்பன் நாற்காலியில் இன்னும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். யாரையாவது கேவலமாக நினைக்கலாம் என்றால் இந்த நேரத்துக்கு அவருக்கு ஒருவரும் அகப்படவில்லை.

"கையில குழந்தை இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். "ஏழு மாசக் குழந்தை. யாரு சாயல்ல இருந்துச்சு? அவ எளைச்சிருந்தாளா? எப்படி இருந்தா?"

"நான் போனைத்தானுங்க பாத்தேன்" என்றாள் அந்தப் பெண், அவர் மகளின் குரலில்.